குட்டானுக்கும் ஒரு கோப்பை
பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானும் கற்பனைத் தோழரும்

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள், காலைப் பூசை முடிந்து அறைவீட்டு விறாந்தைக்கு வந்தபோது, இளந்தாய் ஒருவர் நாலரை வயதுப் பாலகனைக் கையிற் பிடித்தபடி காத்து நின்றார். கூடவே பிள்ளையின் அம்மம்மாவும் பெரியம்மாவும் வந்திருந்தனர். மூன்று பெண்கள் ஒருங்கே அறைவீட்டுக்கு வருவார்களாயின் காரியம் சிறியதன்று என்பது குருக்களாகிய எமக்கு அனுபவத்தில் தெரிந்த விடயம்.

"சுவாமி, பிள்ளையின்ரை தலையிலை கைவைச்சு ஒருக்கால் செபியுங்கோ" என்றார் தாய்.

என்ன வருத்தம் என்று கேட்டேன். வருத்தம் ஒன்றுமில்லையாம். பிள்ளை மூன்று மாதமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒருவனோடு கதைத்துத் திரிகிறான். அவனுக்குப் பெயர் குட்டான். பனங்கட்டிக் குட்டானிலிருந்து எடுத்த பெயராகத்தான் இருக்கவேண்டும். சாப்பாட்டு நேரத்தில் குட்டானுக்கும் ஒரு கோப்பை வைக்கவேண்டும். குட்டான் மீன் தின்னமாட்டான். இரவில் குட்டான் படுக்கிற பக்கத்தில் ஒருவரும் படுக்கக்கூடாது. வளவுக் கிணற்றடியில் பிள்ளையை ஏதோ பிடித்துவிட்டது என்பது பெரியம்மாவின் முடிபு. அம்மம்மாவோ, அது பிள்ளையின் காவற் சம்மனசு, அதைத் துரத்தக்கூடாது என்று நின்றார். தாயின் பயம் வேறு: பிள்ளை இந்த வயதிலேயே பொய் சொல்லப் பழகுகிறானோ என்பது. தகப்பன் வீட்டில் இல்லை. கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போய் நாலு மாதம்.

நான் குனிந்து பிள்ளையிடம், "தம்பி, குட்டான் இப்ப எங்கை நிக்கிறான்?" என்று கேட்டேன். அவன் என்னைச் சற்றே இரக்கத்தோடு பார்த்தான். "அவன் வரேல்லை சுவாமி. அவன் சும்மா விளையாட்டுக்குத்தானே" என்றான்.

மூன்று மாதமாக மூவரும் தங்களுக்குள்ளே விவாதித்தார்களேயன்றி, இந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நான் செபித்து ஆசீர் கொடுத்து அனுப்பினேன். விறாந்தையில் நின்றபடி அந்தத் தாய்க்குச் சொல்லக் கூடியது கொஞ்சமே. ஆகவே இவ்வாரம் இந்தப் பத்தியை அவருக்காகவும், அவரைப் போன்ற பெற்றாருக்காகவும் எழுதுகின்றேன்.

கண்ணுக்குத் தெரியாத தோழனொருவனைப் பிள்ளைகள் உண்டாக்கிக்கொள்வது அபூர்வமான காரியமன்று. இதை நோயின் அறிகுறியாகக் கருதிய காலமும் இருந்தது. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மார்ஜரி ரெய்லர் அம்மையார் பல ஆண்டுகள் இத்தகைய பிள்ளைகளோடு உட்கார்ந்து கதைத்து, 1999ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். 2004ஆம் ஆண்டில் அவரும் துணையாசிரியர்களும் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் தொடர்ந்து கவனித்த பிள்ளைகளுள் நூற்றுக்கு 65 பேர் ஏழு வயதுக்குள் ஒரு முறையேனும் இத்தகைய தோழமை கொண்டிருந்தனர். ஆளில்லாத தோழன் மட்டுமன்றி, பெயரும் குணமும் கொடுத்து உயிருள்ளதாக நடத்தப்படும் பாவைப்பிள்ளையும் கரடிக்குட்டியும் இந்தக் கணக்கில் அடங்கும். இன்னொரு செய்தி எமக்கு முக்கியமானது. அவர் கேள்வி கேட்கக் கேட்க, இது உண்மையில்லை, விளையாட்டுத்தான் என்று பிள்ளைகளே அவருக்கு நினைவூட்டினார்களாம். எங்கள் விறாந்தையில் நடந்ததும் அதுவே.

ஆகவே அது பேயுமன்று, சம்மனசுமன்று. பொய்யுமன்று. பொய் என்பது பிறரை ஏமாற்றும் நோக்கத்தோடு சொல்லப்படுவது என்று ஒழுக்கவியல் வகுப்பில் எமக்குப் படிப்பித்தார்கள். குட்டானுக்குக் கோப்பை கேட்கிற பிள்ளை ஒருவரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. எங்களையும் விளையாட்டுக்குக் கூப்பிடுகிறான், அவ்வளவே. (கூசாவை உடைத்துவிட்டு, குட்டான்தான் உடைத்தான் என்று சொன்னால் அது வேறு கதை. அப்போது உடைந்த துண்டுகளை இருவருமாகப் பொறுக்கட்டும்.)

குரும்பட்டித் தேர்

விளையாட்டுச் சாமானையும் கற்பனைத் தோழனையும் ஒன்றாகச் சேர்த்து நான் பேசுவதற்குக் காரணம் உண்டு. இரண்டுக்கும் உயிர் கொடுப்பது பிள்ளையின் ஒரே மனந்தான். இதை எங்கள் பழம்புலவர்கள் நன்கு கவனித்திருக்கிறார்கள். குறுந்தொகையின் 61ஆம் பாட்டிலே தச்சன் செய்த சிறு தேர் ஒன்று வருகிறது. அதில் ஏறி ஊர்ந்து இன்பமடைய முடியாத சிறுவர், கையாலே இழுத்து அதே இன்பத்தைப் பெறுகிறார்கள். பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் சிறுவர் உருட்டும் முச்சில்லுத் தேர் வருகிறது, அதற்குக் குதிரையில்லை. உலருகிற தானியத்துக்கு வந்த கோழியை விரட்டத் தாய்மார் எறிந்த பொற்குழை அந்தத் தேரின் வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறதாம். பொன்னின் விலை பெரியவருக்கு. பிள்ளைக்கு அது தேரை மறிக்கும் ஒரு தடை.

எங்கள் ஊரில் தச்சன் தேவைப்படவில்லை. தென்னைக்குக் கீழே விழுந்த குரும்பட்டிகளை ஈர்க்கிலே கோத்துத் தேர் கட்டினோம். நுங்கு குடித்த கோம்பை இரண்டைத் தடியொன்றின் இரு நுனியிலும் குத்தி, கவைத்தடியால் தள்ளிக்கொண்டு ஓடினால் அது வண்டில். பால்மாப் பேணி மூடிக்கு நடுவிலே துளையிட்டால் சில்லு. சோடா மூடியைத் தட்டையாக அடித்து நூல் கோத்து இழுத்தால் இரைந்து சுற்றும். பூவரசம் இலையைச் சுருட்டினால் குழல். சிரட்டையிலே மண்சோறு, அதற்குக் கிளுவை இலைச் சுண்டல். தை மாதத்து வாடைக்காற்றில் விண் பூட்டிய பட்டம் இரவு முழுவதும் கூவிக்கொண்டு நிற்கும். கடற்கரை ஊர்களிலே பிள்ளைகள் மென்மரத்தில் வள்ளம் செதுக்கிப் பாய் கட்டி விட்டார்கள். வாங்கிய சாமான் என்றால் திருவிழாக் கடையிலே அம்மம்மா குழல் ஒன்று. அது வீடு வந்து சேருவதற்குள் ஊதி முடிந்துவிடும்.

1990ஆம் ஆண்டில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்து பற்றரியும் கிடைக்காமற் போனபோது, ஊரில் ஒன்றிரண்டு வசதியான வீடுகளில் இருந்த பற்றரிக் கார்கள் நின்றுவிட்டன. குரும்பட்டித் தேர் நிற்கவில்லை. அந்த நாட்களில் நாங்கள் விளையாடிய இன்னொரு விளையாட்டும் உண்டு. ஒருவன் 'ஹெலி வருகுது' என்று கத்துவான். மற்றவரெல்லாம் வேலியோரத்துக் கிடங்கிலே போய் விழுவோம். விழுந்து கிடந்து சிரிப்போம். அதைக் கண்ட பெரியவர்கள் ஏசினார்கள். நிசமாக நடக்கும்போது போதாதா என்றார்கள். இன்று நினைக்கும்போது தெரிகிறது, நிசமாக நடந்தபோது எங்களால் சிரிக்க முடியவில்லை. விளையாட்டில் மட்டும் ஹெலி எப்போது வரவேண்டும், எப்போது போகவேண்டும் என்பது எங்கள் கையில் இருந்தது.

மரத்தையும் செடியையும் உறவாக்குவது மிகப் பழைய வழக்கம். நற்றிணையின் 172ஆம் பாட்டிலே ஒரு புன்னை மரம் நிற்கிறது. சிறுமியர் விளையாடும்போது வெண்மணலில் அழுத்தி மறந்துபோன விதை அது. முளைத்தது கண்டு நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தார்கள். அந்த மரம் உங்களுக்குச் சகோதரி, உங்களிலும் சிறந்தவள் என்று அன்னை சொல்லிவைத்தாள். அதனால், வளர்ந்து பெண்ணான பிறகும் அந்த மரத்தின் கீழே காதலனோடு சிரித்துப் பேச அவர்களுக்கு நாணமாயிருக்கிறது. பெற்றாரே, அந்த அன்னையைக் கவனியுங்கள். மரத்தைப் போய்த் தங்கை என்கிறாயே, உனக்கென்ன விசரா என்று அவள் கேட்கவில்லை. தானும் அந்த விளையாட்டில் ஒரு பங்கு எடுத்தாள்.

கத்தோலிக்க வீடுகளிலே பிள்ளைகள் பூசை வைத்து விளையாடுவதையும் இங்கே சொல்லவேண்டும். நானும் வைத்திருக்கிறேன். அம்மாவின் பழைய சேலை எனக்குப் பூசை உடுப்பு. பிஸ்கற்றுத் துண்டு நற்கருணை. என் தங்கைதான் சபை முழுவதும். பிரசங்கம் நீண்டுபோனால் சபை எழுந்து போய்விடும். (இன்றும் அந்தப் பாடம் எனக்கு உதவுகிறது.) அவிலா நகரத்துப் புனித தெரேசம்மாள் தம் சிறு வயதில் சகோதரனோடு தோட்டத்திலே சிறு கற்களை அடுக்கி முனிவர் குடில் கட்டியதையும், அவை உடனுக்குடன் சரிந்துபோனதையும் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அர்ச். அகுஸ்தீனார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பந்து விளையாடியதற்காகப் பள்ளியில் அடி வாங்கியதை ஆயராக இருந்த காலத்திலும் அவர் மறக்கவில்லை. பெரியவர்களின் விளையாட்டுக்கு மட்டும் 'அலுவல்' என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று தம் பாவசங்கீர்த்தன நூலின் முதலாம் புத்தகத்திலே குறைப்படுகிறார். அந்தக் குறை நியாயமானதே என்பது என் எண்ணம்.

பாவைப்பிள்ளை

இனி, நான் செய்த ஒரு பிழையைச் சொல்லவேண்டும்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் அனைவரோடும் எங்கள் குடும்பமும் வீட்டை விட்டு வெளிக்கிட்டது. எனக்கு வயது 13, தங்கைக்கு 6. அவளிடம் ஒரு பாவைப்பிள்ளை இருந்தது. அம்மம்மா பழைய சீத்தைத் துணியில் தைத்து, உள்ளே இலவம் பஞ்சு அடைத்துக் கொடுத்தது. ஒரு கண் கழன்றுவிட்டது. அழுக்கு. அதை வைத்துக்கொள்ளாமல் அவள் நித்திரை கொள்ளமாட்டாள். அன்றிரவு ஐயா சைக்கிளிலே அரிசி, உடுப்பு, காணி உறுதி எல்லாம் கட்டினார். தேவையானதை மட்டும் எடுங்கோ என்றார். பாவைப்பிள்ளை மேசையிலே இருந்தது. அது எனக்குத் தெரியும். நான் எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

செம்மணி வெளியிலே மழைக்குள் சனத்தோடு சனமாக அடியடியாய் நகர்ந்துகொண்டிருந்தபோது அவள் நினைவுவந்து அழத் தொடங்கினாள். தனக்காக அழவில்லை. "பிள்ளை இருட்டிலை தனியப் பயப்பிடுமே அண்ணா" என்று கேட்டாள். நான் அவளைப் பார்த்து, "அது சீலைத்துணி. துணிக்குப் பயம் வருமோ? விசர்க்கதை கதையாதை" என்றேன். அவள் பேசாமல் விட்டுவிட்டாள். வழி முழுவதும் பேசவில்லை. பெரிய மனிதனைப் போலக் கதைத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

தென்மராட்சியில் நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில் அம்மா அரிசிச் சாக்குத் துணியிலே இன்னொரு பாவை தைத்துக் கொடுத்தார். நல்ல பாவை, இரண்டு கண்ணும் உண்டு. தங்கை வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். "இது அது இல்லை" என்றாள். பிறகு பல நாள் ஐயாவின் துவாயை மடித்துத் தோளிலே போட்டுத் தட்டிக்கொண்டு திரிந்தாள்.

அவள் செய்ததன் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. குருமடத்தில் உளவியல் படித்தபோது டொனால்ட் வினிகொட் என்ற ஆங்கிலேயப் பிள்ளை வைத்தியரைப் பற்றி அறிந்தேன். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சுக்குத் தப்பும்படி நகரங்களிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கென ஒக்ஸ்போர்ட் மாகாணத்தில் ஆலோசகராகப் பணிசெய்தவர் அவர். 1951ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வாசித்தார். குழந்தை இறுகப் பற்றிக்கொள்கிற துணி முனை, கம்பளித் துண்டு, பஞ்சுப் பொம்மை என்பவற்றைப் பற்றியது அது. தாய் வேறு, தான் வேறு என்று குழந்தை அறியத் தொடங்கும் காலத்தில், தாய் பக்கத்தில் இல்லாத நேரத்தை அந்தப் பொருளைக் கொண்டுதான் கடக்கிறது என்றார். அதன் மணமும் அழுக்குங்கூட அதற்குச் சேர்ந்தவை. தாய் கழுவி வைத்தாற் கூட அதன் தொடர்ச்சி அறுந்துவிடலாம். வேறொன்று வாங்கிக் கொடுத்து ஈடுசெய்ய முடியாது. நீயாக உண்டாக்கினாயா, வெளியிலிருந்து வந்ததா என்று பிள்ளையிடம் கேட்கக்கூடாத ஒரு பொருள் என்றும் அவர் சொன்னார். காலம் வரும்போது அது தானாகவே முக்கியத்துவம் இழக்கும். பிள்ளை அதை மறப்பதுமில்லை, அதற்காகத் துக்கம் கொண்டாடுவதுமில்லை.

என் தங்கைக்கு அந்தக் காலம் வருவதற்கு முன்னரே பறிபோயிற்று. அது ஒன்று. அதைவிட, இருட்டிலே பயந்துகொண்டிருந்தது பாவைப்பிள்ளை அல்ல, அவள்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு 'எனக்குப் பயமாயிருக்கிறது' என்று சொல்ல வாய் வரவில்லை. பாவையின் பெயரால் சொன்னாள். 'ஓமம்மா, பயமாய்த்தான் இருக்கும், நாங்கள் அதுக்கு என்ன சொல்லுவம்?' என்று நான் கேட்டிருந்தால், அவள் எனக்கு நிறையச் சொல்லியிருப்பாள்.

போர்க்காலத்தில் இதை எங்களிலும் நன்றாக விளங்கியவர்கள் இருந்தார்கள். மட்டக்களப்பிலே 1996ஆம் ஆண்டில் யேசுசபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் அங்கே ஒன்றாக வந்தார்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம், தோட்டம், வளர்ப்பு மிருகங்கள் என்பனவே அங்கு மருந்து. என்ன நடந்தது, சொல் என்று பிள்ளையை நெருக்கி விசாரிப்பதை விட்டு, களிமண்ணைக் கையிற் கொடுத்தார்கள்.

குட்டான் வந்தால் என்ன செய்வது?

தாய்மார் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். கோப்பை வைக்கலாமா? வைக்கலாம். வெறுங் கோப்பைக்கு என்ன செலவு? ஆனால் குட்டானை நடத்துகிறவன் பிள்ளையாகவே இருக்கட்டும். 'குட்டான் சொல்லுறான், நீ பால் குடிக்கவேணுமாம்' என்று நாங்கள் அவனை எங்கள் கையாளாக்கப் போனால் பிள்ளைக்கு உடனே விளங்கிவிடும். குட்டானும் அங்கே நிற்கமாட்டான். விருந்தினர் முன்னிலையில் கதை சொல்லிச் சிரிக்கவும் வேண்டாம். அது பிள்ளையின் அந்தரங்கம். கேளுங்கள், அவ்வளவே: குட்டானுக்கு இன்றைக்கு என்ன பிடிக்கவில்லை? ஏன் கோபம்? எவரை நினைத்து அழுகிறான்? சுவிற்சர்லாந்து உளவியலாளர் பியாஜே தம் மகளைப் பற்றி 1945இல் வெளிவந்த நூலிலே எழுதினார். நாலு வயதை நெருங்கும் காலத்தில் அவள் பறவை போன்ற ஒரு பிராணியைக் கற்பித்துக்கொண்டாளாம். புதிதாய்ப் பழகும் காரியங்களில் அது அவளுக்கு உதவிசெய்தது. துயரப்பட்டால் ஆறுதல் கூறியது. சிறிது காலத்தின் பின் மறைந்துபோயிற்று. இத்தனையையும் தகப்பன் குறிப்பெடுத்து வைத்திருந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எங்களில் எத்தனை தகப்பன்மாருக்குப் பிள்ளையின் பாவையின் பெயர் தெரியும்?

எச்சரிக்கையும் உண்டு. பிள்ளை தன் தோழனுக்கே நடுங்கினால், போகச் சொன்னாலும் போகிறானில்லை என்று அழுதால், தன்னையோ பிறரையோ நோகச் செய்யும்படி அவன் சொல்வதாகக் கூறினால், மற்றப் பிள்ளைகளை முற்றாக விலக்கி ஊணும் உறக்கமும் கெட்டால், தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் உளநல வைத்தியர் இருக்கிறார்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நூல் கட்டுவிக்கவும் மந்திரிக்கவும் கூட்டிக்கொண்டு திரிவதுதான் பிள்ளையைப் பயப்படுத்தும்.

இன்னுமொன்று. பிள்ளை அழாமலிருப்பதற்காகக் கைத்தொலைபேசியைக் கொடுக்கிறோம். நானே என் மருமக்களுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே அதிகம் பேச எனக்கு உரிமையில்லை. ஆனாலும் அதற்குள்ளே பேசும் பொம்மை எல்லாவற்றையும் தானே பேசிவிடுகிறது. குரும்பட்டி பேசாது. பிள்ளைதான் பேசவேண்டும்.

இவ்வாரம் இரவுச் செபம் முடிந்தபின், பெற்றாரும் பேரன் பேத்தியாரும் தங்கள் சிறு வயதுச் சாமானொன்றின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். அம்மம்மாவிடம் கேளுங்கள், அவருக்கும் ஒரு சிரட்டைச் சட்டி இருந்திருக்கும். என் தங்கை இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். சென்ற வருடம் அவளிடம் அந்த இரவைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். "அண்ணா, அதின்ரை பெயர் உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றுதான் சொன்னாள்.

அறைவீட்டுக்கு வந்த தாயை ஆவணி மாதத்தில் மீண்டும் கண்டேன். குட்டான் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தேன். குட்டான் இல்லையாம். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குக் கோப்பை வைக்கப்போனபோது, வேண்டாம் என்று பிள்ளையே தடுத்துவிட்டானாம். "குட்டான் கட்டாருக்குப் போட்டான் அம்மா. அங்கை அப்பா தனியச் சாப்பிடுறார்" என்றானாம். அன்றிரவு தகப்பன் தொலைபேசி எடுத்தபோது, குட்டான் வந்துவிட்டானா என்று பிள்ளை கேட்டான். தாய் முன்கூட்டி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் சிறிது நேரம் சத்தமில்லை.

"ஓம் தம்பி, வந்து சேர்ந்திட்டான்" என்றார் தகப்பன். "இப்பத்தான் இரண்டுபேரும் சாப்பிட்டம்."